பறவையியல் அறிஞர் சாலிம் அலி

கம்பம் பள்ளத்தாக்கின் வயல்வெளியில் மாலைப்பொழுதில் அண்ணாந்து நோக்குவோர், அரிவாள் போல் வளைந்த சிறகுகளுடன் விரைந்து சுழலும் சிறு பறவைகளைக் காண்பர். அவையே உழவாரன்கள். ஈசல் முதலிய பூச்சிகளைப் பறந்தவாறே பற்றி உண்ணும். பறந்தவாறே நீரும் பருகும். கிளையில் அமர அவற்றின் கால்கள் உதவா. சுவரையும் ஓலையையும் பற்றித் தொங்கவே உதவும். இவ்வினத்துப் பறவையொன்று சாலிம் அலியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அப்பெருமையை அவர் எளிதில் எய்தினாரல்லர்.

சாலிம் அலி 1896ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் பம்பாயில் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே பெற்றோரை இழந்து, மாமன் வீட்டில் வளர்ந்தார். சிறுவராயிருந்தபோது ஒருநாள் காற்றுத் துப்பாக்கியால் குருவியொன்றைச் சுட்டு வீழ்த்தினார். அதன் கழுத்தில் மஞ்சள் நிறம் தோன்றிற்று. அஃது எவ்வினப் பறவை என அறியும் வேட்கை, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலர் மில்லார்டிடம் அவரைச் சேர்த்தது. அங்குக் கண்ட பறவைத் தொகுப்பு அவர் வாழ்வின் போக்கையே மாற்றிற்று.

ஆயினும் வறுமை அவரைத் தொடர்ந்தது. பர்மாவில் செய்த தொழில் பயன் தரவில்லை. பட்டம் இன்மையால் இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையில் பணி கிட்டவில்லை. செருமனியில் பறவையியல் பயின்று 1930இல் திரும்பியபோது, முன்பு வகித்த அருங்காட்சியகப் பணியும் நீக்கப்பட்டிருந்தது. மனந்தளராத அவர், ஊதியம் வேண்டாது செலவுத்தொகை மட்டும் பெற்று, சுதேச அரசுகளின் பறவைகளை ஆராய முன்வந்தார். 1933இல் மனைவி தெஹ்மினா உடன்வர, திருவிதாங்கூர், கொச்சிக் காடுகளில் தங்கி ஆராய்ந்தார். கம்பம் பள்ளத்தாக்கின் மேற்கு எல்லையாக எழும் மலைகளுக்கு அப்பால் விரிந்ததே அன்றைய திருவிதாங்கூர் நாடு. 1939இல் மனைவி மறைந்தார். துயருற்றும் அவர் பணியை விட்டாரல்லர். 1941இல் இந்தியப் பறவைகளைப் பற்றிய அவரது நூல் வெளிவந்தது.

1958இல் டேவிட் லேக் என்னும் ஆங்கிலேய அறிஞர், திபெத்திலும் மேற்குச் சீனத்திலும் வாழும் உழவாரனுக்கு அவர் பெயரைச் சூட்டினார். 1948இல், இன்றைய தேனி மாவட்டத்து மேகமலையில் பிடிபட்ட அரிய பழந்தின்னி வௌவாலும் 1972இல் அவர் பெயரைப் பெற்றது. 1976இல் பத்மவிபூஷண் விருது அவரை அடைந்தது. 1987 சூன் 20ஆம் நாள், தொண்ணூறு வயது கடந்த நிலையில் அவர் மறைந்தார்.

வீழ்ந்த குருவியைக் கண்டு சிறுவர் எழுப்பிய ஒரு வினாவே இத்துணைப் பெரும் பணிக்கு வித்தாயிற்று. அவ்வினா இன்றும் மாணவர்க்கு உரியதே. பனைமரங்களில் பனை உழவாரன் உமிழ்நீரால் ஓலையில் கூட்டை ஒட்டி வாழ்வதைக் காணலாம். பழங்கோயில் மண்டபங்களிலும் பாலங்களின் அடியிலும் நாட்டு உழவாரன் கூட்டமாக வாழ்வதைக் காணலாம். கூட்டைத் தீண்டாது நோக்கி, கண்ட நாளையும் இடத்தையும் எண்ணிக்கையையும் குறித்து வருதலே அப்பேரறிஞரைப் போற்றும் நெறியாகும்.