கடல் கடந்த முதல்: ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் வரலாறு

பெரியோர் சிலரது வாழ்க்கை அவர் பிறந்த குடியினர்க்கே அன்றி, எக்குடியினர்க்கும் பாடமாய் அமைவதுண்டு. செட்டிநாட்டு ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் வாழ்க்கை அத்தகையது. அவர் நகரத்தார் மரபினர். நம் சங்கத்தாரோ ஏர்பிடிக்கும் குடியினர். ஆயினும் அவர் வரலாற்றை இத்திங்கள் எழுதப் புகுந்தமைக்குக் காரணம் உண்டு. கீழ்பென்னாத்தூரைச் சூழ்ந்த நம் ஊர்களில் நெல்லும் மல்லாட்டையும் விளைவிப்போர் கடனின்றி விதைத்தல் அரிது. நம் பிள்ளைகளுள் சிலரோ அயல்நாடு சென்று பொருளீட்டி, அதனை எங்கே முதலாக இடலாம் என வினவுகின்றனர். கொடுப்பவன், கொள்பவன் என்னும் இருவர் நிலையையும் ஒருங்கே விளக்க வல்லது இவ்வரலாறு.

செட்டியார் அவர்கள் 1881-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 30-ஆம் நாள் கானாடுகாத்தானில் முத்தையா செட்டியாரின் புதல்வராய்ப் பிறந்தார். அந்நாடு மழை குன்றிய செம்மண் பூமி. ஆகவே ஆங்குள்ள நகரத்தார் இலங்கை, பர்மா, மலேயா முதலிய நாடுகளிற் கடை வைத்துக் கொடுக்கல் வாங்கல் நடத்தி வந்தனர். பிள்ளைகள் இளமையிலேயே கணக்குப் பழகுவர். பின்னர் ஏஜென்டின் கீழ் அடுத்தாளாய்ச் சென்று, தவணை முடிந்ததும் ஊர் திரும்புவர். செட்டியார் அவர்களும் இம்மரபிற் பயின்றே குடும்பத் தொழிலை ஏற்றுப் பெருக்கினார்.

அக்காலத்தில் நகரத்தார் முதலில் மிகப் பெரும்பகுதி பர்மாவிலேயே இருந்தது. 1869-இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டபின் ஐரோப்பியச் சந்தை பர்மா அரிசிக்கு அணித்தாயிற்று. ஐராவதி ஆற்றின் கழிமுகக் காடுகளைப் பர்மிய உழவர் வெட்டித் திருத்தினர். பத்து லட்சம் ஏக்கரைத் தாண்டாதிருந்த கீழ்ப்பர்மாவின் நெல்வயல் 1930-களில் எண்பது லட்சம் ஏக்கருக்கு மேற்பட்டது. ஆண்டுதோறும் ஏறத்தாழ 30 லட்சம் டன் அரிசி கப்பலேறிற்று. உலகில் வேறெந்நாடும் அத்துணை அரிசியை அந்நாளில் ஏற்றுமதி செய்ததில்லை. நம் பாட்டன்மார் உண்ட ரங்கூன் அரிசி அவ்வயல்களில் விளைந்ததே.

காடு வெட்டக் கூலியும், உழ மாடும், விதைக்க நெல்லும் வேண்டுமே! வெள்ளையர் வங்கிகள் உழவனை நம்பிக் கடன் கொடுக்கவில்லை. நகரத்தார் கொடுத்தனர், நடவுக் காலத்திற் பணம் கொடுத்து அறுவடைக்குப்பின் வாங்கினர். ரங்கூன் மொகல் தெருவில் அவர்கள் கூடி வட்டி வீதத்தை வரையறுப்பர். 1929–30-ஆம் ஆண்டு வங்கித் தொழில் விசாரணைக் குழுவின் கணக்குப்படி பர்மாவில் ஏறத்தாழ 1,650 நகரத்தார் கடைகள் இருந்தன. அவற்றின் முதல் ஏறக்குறைய 75 கோடி ரூபாய்.

செட்டியார் அவர்கள் தனிக்கடைகளின் வன்மையோடு அவற்றின் மென்மையையும் அறிந்திருந்தார். 1906-இல் சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி முறிந்து பலர் பொருளிழந்தபோது, இந்தியர்க்கென ஒரு வங்கி வேண்டுமென்னும் எண்ணம் எழுந்தது. 1907-இல் தோன்றிய இந்தியன் வங்கியை நிறுவியவர்களுள் இவரும் இவர் தமையனார் இராமசாமிச் செட்டியாரும் சேர்ந்தவர். அவ்வங்கி பிற்காலத்தில் கொழும்பிலும் ரங்கூனிலும் கிளை கண்டது. 1929-இல் அரசாங்கம் செட்டியார் அவர்களுக்கு ராஜாப் பட்டம் வழங்கிற்று.

உயர்வு கண்ட அக்காலத்திலேயே தாழ்வும் தொடங்கிற்று. உலகப் பொருளாதார மந்தத்தால் நெல் விலை பாதிக்கும் கீழே வீழ்ந்தது. உழவனால் கடனையும் கட்ட இயலவில்லை. வட்டியையும் கட்ட இயலவில்லை. அடமான நிலங்கள் கடை கடையாய்க் கைமாறின. தலையாய நெல் மாவட்டங்கள் பதின்மூன்றில், 1930-இல் நூற்றுக்கு 6 பங்காயிருந்த நகரத்தார் நிலம் 1937-க்குள் நூற்றுக்கு 25 பங்காயிற்று. நிலத்தை விரும்பி அவர்கள் கடன் கொடுத்தாரல்லர். பணமே திரும்பவேண்டுமென்று விரும்பினர். ஆனால் தான் காடு திருத்திய வயலில் தானே குத்தகைக்காரனாய் நின்ற பர்மிய உழவனுக்கு அவ்வேறுபாட்டால் யாது பயன்? வெறுப்பு வளர்ந்தது. 1937-இல் பர்மா இந்தியாவினின்று பிரிந்தது. 1942-இல் ஜப்பானியர் படை புகவே, இந்தியர் பல்லாயிரவர் கால்நடையாய்க் காடும் மலையும் கடந்து ஓடிவந்தனர். ரங்கூன் அரிசி வரவு நின்று, நம் நாட்டிலும் உணவுத் தட்டுப்பாடு உண்டாயிற்று. 1948 ஜூன் 15-இல் செட்டியார் அவர்கள் மறைந்தார். அவ்வாண்டிலேயே சுதந்திர பர்மா நிலங்களை நாட்டுடைமையாக்கச் சட்டம் இயற்றிற்று.

எனினும் அவர் தேடிய பொருள் முழுதும் வயலோடு போய்விடவில்லை. 1920-இல் சிதம்பரத்தில் அவர் மீனாட்சி கல்லூரியை நிறுவினார்; பின்னர் 20 லட்சம் ரூபாய் உதவி, 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றச் செய்தார். தமிழிசைக்கு அவர் ஆற்றிய தொண்டு யாவரும் அறிந்ததே. இன்று அப்பல்கலைக்கழகத்தின் வேளாண் புலத்தில் உழவர் வீட்டுப் பிள்ளைகள் பயிர்த்தொழில் கற்கின்றனர். நெல்லால் வந்த செல்வத்தில் ஒரு பகுதி நெல் விளைவிப்போர் மக்களுக்கே கல்வியாய்த் திரும்பியது கண்டு நாம் மகிழ்கின்றோம்.

இதனால் நாம் அறியத்தக்கது யாது? அயல்நாட்டு உழவில் முதலிட விரும்புவோர் விளைச்சலையும் விலையையும் மட்டும் நோக்குதல் போதாது; விலை வீழும் ஆண்டில் அந்நாட்டு உழவன் தன் நிலத்தில் நிற்க வழியுண்டா என்பதையும் நோக்கல் வேண்டும். அவன் நிலைபெற்றாலன்றி நம் முதலும் நிலைபெறாது. இஃது அயல்நாட்டுக்கு மட்டும் உரிய நீதியன்று. நம் சங்கத்தாருள்ளும் கைப்பொருள் உடையார் சிலர், இல்லாத அண்டை வீட்டான் நிலத்தை அடமானமாய் எழுதி வாங்குதலை நாம் அறிவோம். மழை பொய்த்த ஆண்டில் அவர்கள் தவணையை நீட்டுவாராக, நிலத்தைக் கேளாதிருப்பாராக. கொடுத்த பணம் சிறிது தாழ்ந்து வரினும், ஊரில் உறவு கெடாது நிற்கும்.