புதுமைப்பித்தனும் காசநோயும்

தமிழில் கதை படிக்கிறவர்களுக்குப் புதுமைப்பித்தன் என்ற பெயர் தெரியாமல் இராது. சொ. விருத்தாசலம் என்பது இயற்பெயர். 1906ல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்து, திருநெல்வேலியில் படித்து பி.ஏ. தேறி, சென்னைக்கு வந்து 'மணிக்கொடி', 'தினமணி' முதலிய பத்திரிகைகளில் எழுதிப் பிழைத்தார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கூலியாகப் போன நம் ஜனங்கள் பட்ட பாட்டை 'துன்பக் கேணி' என்ற கதையில் எழுதியவர் அவரே. நம் ஊர்ப்பக்கம் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்கள் படித்தால் தங்கள் பாட்டன்மார் கதை என்றே நினைப்பார்கள்.

புகழ் வந்ததே தவிர பணம் வரவில்லை. சினிமாவுக்கு எழுதப் போனார். சொந்தமாகப் படமெடுக்க முயன்று கைப்பொருளையும் இழந்தார். பிறகு 'ராஜமுக்தி' படத்துக்காகப் புனா சென்றவர் அங்கே காசநோயில் விழுந்தார். 1948ல் திருவனந்தபுரத்தில், 42 வயதில், மனைவியையும் சின்னஞ்சிறு பெண்குழந்தையையும் விட்டுக் காலமானார். அதே ஆண்டு செப்டம்பர் 11ஆம் தேதி மறைந்த ஜின்னா சாகிபுக்கும் இந்த நோய்தான்.

புனாவில்தான் தொற்றியது என்று கொள்ள வேண்டியதில்லை. நோயாளி இருமும்போதும் பேசும்போதும் கிருமி காற்றில் கலந்து, ஜன்னல் திறக்காத அறையில் வெகுநேரம் மிதக்கும். அதைச் சுவாசித்தவர் உடம்பில் பல வருஷம் உறங்கிக் கிடந்து, உடல் தளர்ந்தபோது எழுந்துகொள்ளும். பத்துப் பேருக்குத் தொற்றினால் ஒருவருக்குத்தான் நோயாக முற்றும். பட்டினியும் நீரிழிவும் அதற்குக் கதவு திறந்துவிடும். பிளேட்டு, கோப்பை, துணிமணியால் தொற்றாது. இது தெரியாமல் நோயாளிக்குத் தனிக் கோப்பை வைத்து மனத்தை நோகடிக்கிறார்கள்.

அவர் இறந்தபோது மருந்து இல்லாமலில்லை. ஸ்ட்ரெப்டோமைசின் 1943ல் அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. ஆனால் இந்தியாவில் அது கிடைப்பதே அரிது, கிடைத்தாலும் விலை எழுத்தாளன் கைக்கு எட்டாது. எட்டியிருந்தால் பிழைத்திருப்பாரா? பிரிட்டனில் 1947ல் 55 பேருக்கு அம்மருந்தைக் கொடுத்து, 52 பேரைப் படுக்கை ஓய்வில் மட்டும் வைத்துப் பார்த்தார்கள். ஆறு மாதத்தில் மருந்து பெற்றவர்களில் 4 பேரே இறந்தனர். மற்றவர்களில் 14 பேர். எல்லாரும் மகிழ்ந்தார்கள். ஐந்து வருஷம் கழித்து எண்ணினால், மருந்து பெற்றவர்களில் 32 பேரும் மற்றவர்களில் 35 பேரும் போய்விட்டிருந்தார்கள்!

காரணம் இதுதான். ஒருவர் நெஞ்சில் உள்ள கோடிக்கணக்கான கிருமிகளில் ஒரு மருந்துக்குச் சாகாத சில எப்போதும் இருக்கும. ஒரே மருந்தைக் கொடுத்தால் மற்றவை சாக, இவை மட்டும் தங்கிப் பெருகும். அப்புறம் அம்மருந்து வெறும் தண்ணீர்தான். ஒன்றுக்குத் தப்பும் கிருமி இன்னொன்றுக்கு மாட்டிக்கொள்ளும் என்பதால், இரண்டு மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் வழக்கம் அதன் பின்னரே வந்தது. 1952ல் ஐசோனியசிட் மாத்திரையும் வந்தது. அவர் பத்திரிகைகளில் எழுதிய அதே சென்னையில், 1956ல் தொடங்கிய ஆராய்ச்சி, இரண்டு மருந்துகளை வீட்டிலிருந்தே ஒரு வருஷம் உண்டவர்களும் சானடோரியத்தில் படுத்திருந்தவர்களைப் போலவே குணமாவதைக் காட்டியது. அவருக்குப் பிந்திய செய்தி.

இன்று மலேசியாவில் ஆண்டுக்கு 25,000 பேருக்கு மேல் இந்நோய் காண்கிறது. வழக்கமான சிகிச்சை ஆறு மாதம். என் கடைக்கு வரும் ஒருவர் இரண்டாம் மாதமே இருமல் நின்று, சோறும் இறங்கியதால், மாத்திரையை நிறுத்திவிட்டார். நானும் கல்லாவில் உட்கார்ந்தபடியே, ஆள் தேறிவிட்டீர்கள் அண்ணே என்று சொன்னவன்தான். மாத்திரையைப் பற்றிக் கேட்கத் தோன்றவில்லை. அடுத்த வருஷம் மறுபடி இருமல். முதலில் கொடுத்த மருந்துகளில் முக்கியமான இரண்டு இப்போது அவர் கிருமியிடம் பலிக்கவில்லையாம். அந்தக் கிருமி அவர் வீட்டாருக்குத் தொற்றினால், ஒரு மாத்திரைகூட உண்ணாத அவர்களுக்கும் அம்மருந்துகள் பலிக்காது. வீட்டில் நான்கு பிள்ளைகள். எல்லாரையும் பரிசோதனைக்கு அழைத்துப் போனார். அவரோ தினமும் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போய், தாதியின் கண்ணெதிரே மாத்திரை விழுங்கிவிட்டு, திரும்பும் வழியில் என் கடைமுன் சைக்கிளை நிறுத்துகிறார். இப்போது நான் முதலில் கேட்பது மாத்திரையைப் பற்றித்தான்.