சித்திலெப்பை சோர்ந்து போகாதது எப்படி?

அறிஞர் சித்திலெப்பையின் பெயரை அறியாத மாணவி எங்கள் கல்லூரியில் இருக்க மாட்டாள். ‘முஸ்லிம் நேசன்’, ‘அசன்பே சரித்திரம்’, ஸாஹிறாக் கல்லூரி என்று மூன்று விடைகளை மனனமிட்டுப் பரீட்சையில் எழுதிப் புள்ளியும் பெற்றிருக்கிறோம். உயர்தரத்தில் ஈழத்து இலக்கிய வரலாற்றைப் படிக்கத் தொடங்கிய பின்னர் அவருடைய பணிகளுக்குரிய ஆண்டுகளை ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்த்தேன். 1882, 1884, 1885, 1892, 1897. அந்த வரிசையைப் பார்த்தபோது எனக்குள் ஒரு கேள்வி எழுந்தது. கேட்க விரும்பாதவர்கள் பலர் இருந்த ஒரு சமூகத்திடம் இத்தனை காலம் கல்வி, கல்வி என்று சொல்லிக்கொண்டிருந்தவர் ஏன் சலித்துப் போகவில்லை?

முகம்மது காசிம் சித்திலெப்பை 1838ஆம் ஆண்டு கண்டியில் பிறந்தார். அவருடைய தந்தை இலங்கை முஸ்லிம்களில் முதலாவது சட்டத்தரணி என்று அறியப்படுபவர். மகனும் அதே துறையில் நுழைந்து 1862இல் சட்டத்தரணியானார். கண்டி மாநகர சபையிலும் அங்கம் வகித்தார். வசதியும் மதிப்பும் இருந்தன. அத்தோடு நின்றிருந்தால் அவரை யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஆனால் தம் சமூகத்துப் பிள்ளைகளின் நிலை அவரை நிம்மதியாக இருக்க விடவில்லை. அக்காலத்தில் ஆங்கிலம் கற்பித்த பாடசாலைகளிற் பெரும்பாலானவை மிஷனரிமாரின் கையில் இருந்தன. அங்கே அனுப்பினால் பிள்ளை மார்க்கத்தை விட்டுவிடும் என்று பெற்றோர் அஞ்சினார்கள். அந்த அச்சம் வீணானது என்று சித்திலெப்பை அவர்களை ஏளனம் செய்யவில்லை. மார்க்கமும் உலகக் கல்வியும் ஒரே கூரையின் கீழ் கிடைக்கும் பாடசாலைகளை நாமே அமைப்போம் என்றார். இதைச் சொல்வதற்காகவே 1882 டிசம்பரில் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 44.

பத்திரிகையில் எழுதியதோடு அவர் ஓயவில்லை. 1884இல் கொழும்பில் ஒரு பாடசாலையைத் தொடக்கி வைத்தார். அது நிலைக்கவில்லை, சில ஆண்டுகளில் மூடப்பட்டது. இந்த இடத்தில்தான் பலர் மனமுடைந்து போவார்கள். அவரோ சோர்ந்துவிடவில்லை. இதற்கிடையே 1885இல் ஒரு நாவலையும் வெளியிட்டிருந்தார். ‘அசன்பே சரித்திரம்’ எகிப்தில் பிறந்து, குழந்தையிலேயே கடத்தப்பட்டு, பம்பாயில் வளரும் ஒருவனின் கதை. ஈழத்தில் எழுந்த முதல் தமிழ் நாவல் அது. சமூகத்துக்காக உழைப்பவர் கதை எழுதிக்கொண்டிருக்கலாமா என்று யாராவது கேட்டிருக்கலாம். எனக்கோ இதிலேதான் விடையின் ஒரு பாதி இருப்பதாகத் தோன்றுகிறது. தலையங்கத்தில் வாதாடிய அதே பேனாவுக்குக் கடல் கடந்த பயணங்களையும் திருப்பங்களையும் எழுதும் மகிழ்ச்சியை அவர் கொடுத்தார். கதையை விரும்பிப் படித்தவர்களுக்கு வாசிப்பின் சுவை தெரிந்தது. வாசிப்பின் சுவை தெரிந்தவர்களுக்குக் கல்வியின் அருமையைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மறுபாதி, அவர் தனியாக நிற்கவில்லை என்பது. 1883இல் ஆங்கிலேயரால் எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்டு இலங்கைக்கு வந்தவர் ஒறாபி பாஷா. அவரைச் சித்திலெப்பை கல்விப் பணியில் இணைத்துக்கொண்டார். கொழும்பு நூதனசாலையைக் கட்டிய வாப்பிச்சி மரைக்காரும் தோள் கொடுத்தார். ஒருவரிடம் எழுத்து, ஒருவரிடம் செல்வாக்கு, ஒருவரிடம் கட்டட வேலையும் பொருளும். மூவரும் கூடியதால் 1892இல் மருதானையில் ஸாஹிறா உருவானது. எட்டு ஆண்டுகளுக்கு முன் தவறிய முயற்சி இம்முறை வேரூன்றியது. கண்டியில் அவர் பெண்பிள்ளைகளுக்கென்று தொடங்கிய பாடசாலையைப் பொறுப்பேற்று நடத்தியவர் அவருடைய சகோதரி. பெண்கள் படிக்க வேண்டும் என்பதை ஊருக்கு மட்டும் சொல்லாமல் தம் வீட்டிலிருந்தே தொடங்கினார்.

இவற்றுக்கெல்லாம் அடியில் ஓர் அமைதியும் இருந்தது. அவர் ஆன்மிக ஞானத்தில் ஈடுபாடுள்ளவர். மரணத்துக்கு முந்திய ஆண்டான 1897இலும் ‘அஸ்றாறுல் ஆலம்’ என்ற மெய்ஞ்ஞான நூலை எழுதி வெளியிட்டார். நாம் விதைக்கலாம், முளைக்கச் செய்பவன் இறைவன் என்று நம்புகிறவருக்கு ஒரு பாடசாலை மூடப்படுவது உலகத்தின் முடிவாகத் தெரிந்திருக்காது. 1898இல், 60 வயதை எட்டு முன்னரே அவர் காலமானார்.

இதை நான் எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. நானும் என் தோழியர் நால்வரும் சனிக்கிழமைகளில் எங்கள் ஊர்ச் சிறுமியருக்கு வாசிப்பு வகுப்பு நடத்துகிறோம். முதல் வாரம் 22 பேர் வந்தார்கள். இப்போது வருவது ஏழு பேர். எங்களுக்கோ உயர்தரப் பரீட்சை நெருங்குகிறது. நிறுத்திவிடுவோம் என்று ஒருத்தி சொன்னாள். மற்றவர்கள் பதில் சொல்லவில்லை. பதினைந்து வயதில் படிப்பை நிறுத்தித் திருமணம் செய்துவைக்கப்பட்ட என் உம்மம்மாவிடம் இதைச் சொன்னேன். அந்த ஏழு பேரும் என்ன செய்வார்கள் என்று மட்டும் கேட்டார்.

சித்திலெப்பையின் வாழ்க்கையைக் கொண்டு நாங்கள் ஒரு முடிவுக்கு வந்தோம். ஐவரும் எல்லா வாரமும் போக வேண்டியதில்லை. வாரத்துக்கு இருவர் போதும். மற்ற மூவரும் பாடம் படிக்கலாம். பயிற்சித் தாள்களைக் குறைத்துக் கதைகளைக் கூட்டியிருக்கிறோம். அடுத்த சனிக்கிழமை என் முறை. அசன்பேயின் கதையை எளிய தமிழில் சுருக்கிச் சொல்லப் போகிறேன். ஏழு பேரும் கேட்பார்கள். எட்டாவதாக ஒருத்தி வந்தாலும் இடமிருக்கிறது.

அன்னாரின் பணிகளை அல்லாஹ் பொருந்திக்கொள்வானாக. ஆமீன்.