பனிப்பளிங்கைத் தேடிய விவசாயி வில்சன் பென்ட்லி

கையில் ஏந்தினால் உருகிவிடும், மூச்சுப் பட்டாலும் கரைந்துவிடும், வெறுங் கண்ணுக்கு வெண்ணிறத் தூசு போலவே தோன்றும் ஒரு பொருளைப் படம்பிடிப்பதற்காக 46 ஆண்டுகளைச் செலவிட்டவர் வில்சன் பென்ட்லி. ஐக்கிய அமெரிக்காவின் வடகிழக்கே உள்ள வெர்மொண்ட் மாநிலத்தில் ஜெரிக்கோ என்னும் சிறிய ஊரில் பசு வளர்த்துப் பால் கறந்து வாழ்ந்த விவசாயி அவர். பல்கலைக்கழகப் பட்டமோ ஆய்வுகூடமோ அவருக்கு இருக்கவில்லை. ஆயினும் ஆறு கிளைகளோடு விரியும் பனிப்பளிங்கின் உருவம் இன்று உலகெங்கும் வாழ்த்து மடல்களிலும் பாடநூல்களிலும் காணப்படுகின்றதெனின், அதற்கு அடித்தளமிட்டவர்களுள் முதலாமவராக இவரையே நாம் கொள்ளவேண்டியுள்ளது.

பனி என்னும் சொல்லை நாம் புல்நுனியில் நிற்கும் நீர்த்துளிக்கும், காலை வேளையில் வீதியை மறைக்கும் மூட்டத்துக்கும் வழங்கி வருகின்றோம். இங்கு நாம் பேசும் பனி வேறு. முகிலினுள் இருக்கும் நீராவி, திரவ நிலையை அடையாது நேரடியாகவே திண்மமாகப் படிந்து வளர்ந்து தரையை நோக்கி வீழ்வது அது. நுவரெலியாவில் சில அதிகாலைகளில் தேயிலைக் கொழுந்தைக் கருக்கிவிடும் துகள் உறைபனி இதற்கு நெருங்கிய உறவுடையது. அது இலையின் மேல் உருவாகின்றது, இது வானில் உருவாகின்றது. பென்ட்லி இவை இரண்டையுமே தமது கமராவினால் தேடியவர்.

1865ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆம் திகதி பிறந்த இவருக்குச் சார்ள்ஸ் என்னும் மூத்த சகோதரர் ஒருவர் இருந்தார். முன்னர் ஆசிரியையாகப் பணியாற்றிய தாயார் பனி (Fanny) அம்மையாரே 14 வயது வரை இவருக்கு வீட்டில் கல்வி புகட்டினார். 15ஆவது வயதில் அத்தாயார் தம்மிடமிருந்த பழைய நுணுக்குக்காட்டி ஒன்றை மகனிடம் கொடுத்தார். ஏனைய சிறுவர்கள் பனியை உருட்டி எறிந்து விளையாடிய காலத்தில், இச்சிறுவன் அதனை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்த்தான். ஜெரிக்கோவில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 120 அங்குலம் பனி பொழியும். ஆகவே பார்ப்பதற்குப் பொருள் இல்லையென்ற குறை அவனுக்கு ஏற்படவில்லை.

கண்டதை வரைந்து வைக்க முயன்றபோதே இடர்ப்பாடு தோன்றியது. பாதி உருவத்தை வரைந்து முடிக்குமுன் பளிங்கு உருகிவிடும். உருகிய பளிங்கின் வடிவம் பின்னர் ஒருபோதும் திரும்பி வராது. நுணுக்குக்காட்டியோடு பொருத்திப் படம்பிடிக்கக்கூடிய கமரா ஒன்று இருப்பதை அறிந்த இளைஞர், அதனை வாங்கித் தருமாறு பெற்றோரை வற்புறுத்தினார். நுணுக்குக்காட்டியும் கமராவும் சேர்ந்து அக்காலத்தில் சுமார் 100 டொலர் விலை. கைகளினால் உழைத்துப் பிழைக்கும் குடும்பத்துக்கு அது சிறிய தொகையன்று. பனியைப் படம்பிடிப்பது வீண்வேலை என்றே தந்தையார் எண்ணினார், இருந்தும் தாயாரின் விருப்பத்துக்கு இணங்கி வாங்கிக் கொடுத்தார். அத்தந்தையாரின் நிலையில் இருந்திருந்தால் நாமும் அவ்வாறே எண்ணியிருப்போம்.

கருவி வந்ததும் காரியம் கைகூடிவிடவில்லை. முயற்சிகள் பல வீணாகின. கமராவின் பின்புறம் நின்று படத்தைப் பார்ப்பவரின் கை, முன்புறத்திலுள்ள நுணுக்குக்காட்டியின் திருகை எட்டாது. இதற்காகச் சக்கரமும் கயிறும் கொண்ட ஓர் ஏற்பாட்டை அவரே அமைத்துக்கொண்டார். ஒளி நுழையும் துவாரத்தை மிகச் சிறியதாக்கி, நீண்ட நேரம் ஒளியை உட்புகவிட்டால் பளிங்கின் நுண்கோடுகள் தெளிவாக விழும் என்பதையும் தட்டுத்தடுமாறியே கண்டறிந்தார். 1885ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் திகதி, தமக்கு 20 வயது நிறைவதற்குச் சில வாரங்கள் இருக்கையில், தனியொரு பனிப்பளிங்கின் புகைப்படத்தை அவர் முதன்முதலாக வெற்றிகரமாக எடுத்தார்.

அவர் பின்பற்றிய முறையைச் சற்று விரிவாகக் கூறுவது பொருத்தமாகும். பனி பொழியத் தொடங்கியதும் கறுப்பு நிறம் பூசிய பலகையொன்றைக் கொட்டிலின் வாசலுக்கு வெளியே நீட்டிப் பிடிப்பார். வீழ்ந்தவற்றை உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோட்டமிட்டு, பழுதுபட்டவற்றை இறகினால் துடைத்துவிடுவார். நல்லதெனக் கண்ட ஒன்றை மெல்லிய குச்சியின் நுனியால் தொட்டெடுத்துக் கண்ணாடித் துண்டின் மீது இட்டு, இறகினால் மெதுவாக அழுத்திப் படியவைப்பார். பின்னர் யன்னலை நோக்கித் திருப்பிய நுணுக்குக்காட்டியில் அதனைப் பொருத்தி, பளிங்கினூடாக வரும் பகல் வெளிச்சத்திலேயே படம் எடுப்பார். அதுவரை மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும். நெருப்பு மூட்டாத அறையிலேயே இத்தனையும் நடைபெறும். கருவிகளும் கண்ணாடிகளும் வெளிக்காற்றின் குளிரிலேயே இருந்தாகவேண்டும். கைவிரல் விறைத்துப்போகும் குளிர்தான் அவருக்கு நற்காலம். ஒரு பெரும் பனிப்பொழிவு வரும் நாளில் பண்ணை வேலை முடியாதிருந்தால் அவருடைய மனம் எவ்வளவு தவித்திருக்கும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

பண்ணை வேலையை அவர் கைவிட்டவரல்லர். தந்தையார் மறைந்த பின்னர் சகோதரரோடு சேர்ந்து அதனை நடத்தினார், தாயாரை 1906ஆம் ஆண்டில் அவர் மறையும் வரை பராமரித்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. சகோதரரின் குடும்பம் ஒரு பகுதியிலும் தாம் ஒரு பகுதியிலுமாக ஒரே வீட்டில் வாழ்ந்தார். வாத்தியங்கள் வாசிப்பதில் விருப்பமுடையவர். அயலவர்கள் அவரைத் தீங்கற்ற விசித்திர மனிதராகவே நோக்கினர். ஒரு முறை தமது படங்களை ஒளிவிளக்கில் காட்டி ஊரவருக்குக் கட்டணமின்றி விளக்கவுரை ஆற்ற அவர் ஏற்பாடு செய்தார். இதமான மாலை வேளைதான், ஆயினும் வந்திருந்தோர் ஆறு பேர் மட்டுமே. படத்துக்கு ஆறு முனைகள், பார்ப்பதற்கு ஆறு பேர்!

வெளியுலகம் அவரை அறிவதற்கு 13 ஆண்டுகள் சென்றன. வெர்மொண்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோர்ஜ் பேர்கின்ஸ், இவருடைய குறிப்புகளைச் சீர்செய்து 1898ஆம் ஆண்டில் அறிவியல் சஞ்சிகையொன்றில் இருவர் பெயரிலும் கட்டுரை வெளிவரச் செய்தார். அதன்பின் பென்ட்லி தாமே எழுதத் தொடங்கினார். அமெரிக்க வளிமண்டலவியல் துறையின் மாதாந்த வெளியீட்டில் அவருடைய கட்டுரைகள் இடம்பெற்றன. 1903ஆம் ஆண்டில் ஸ்மித்சோனியன் நிறுவகத்துக்கு 500 படங்களை அனுப்பிவைத்தார். தாம் இறந்தாலும் படங்கள் அழிந்துவிடக்கூடாதென்ற கவலையே அதற்குக் காரணம். படமொன்றை ஐந்து சதத்துக்குக் கல்லூரிகளுக்கும், நகை, புடவை வடிவமைப்போருக்கும் விற்றார். அவரே போட்ட கணக்கின்படி இப்பணியில் செலவான காலத்தினதும் பொருளினதும் பெறுமதி 15,000 டொலர். கிடைத்த வருமானம் 4,000 டொலருக்கும் குறைவு.

பென்ட்லி அழகை மட்டுமே தேடியவரென்ற எண்ணம் பரவலாக உண்டு. அது சரியன்று. பளிங்கின் உருவத்தைக் கொண்டு, அது வீழ்ந்து வந்த வளிமண்டலப் படைகளின் நிலையை அறியலாம் என்று அவர் கருதினார். அதாவது நடுப்பகுதி ஒரு விதமாகவும் விளிம்புகள் வேறு விதமாகவும் இருப்பின், பளிங்கு வெவ்வேறு வெப்பநிலைகளைக் கடந்து வந்துள்ளது என்பது அவருடைய விளக்கம். மழைத்துளியையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஓர் அங்குல ஆழத்துக்குக் கோதுமை மா நிரப்பிய தட்டைச் சில விநாடிகள் மழையில் நீட்டுவார். ஒவ்வொரு துளியும் மாவில் ஓர் உருண்டையாகும். அவ்வுருண்டை காய்ந்த பின் அளந்தால் துளியின் அளவை அறியலாம். 1898 தொடக்கம் 1904 வரை 70க்கும் மேற்பட்ட மழைகளில் 344 அளவீடுகளை இவ்வாறு பெற்று வெளியிட்டார். எவரும் அதனைப் பொருட்படுத்தவில்லை. சுமார் நான்கு தசாப்தங்களின் பின்னர் மண்ணரிப்பை ஆராய்ந்த அறிஞர்கள் அதே மா முறையைக் கையாண்டனர். சமையலறைப் பண்டம் ஒன்றைக்கொண்டு செய்த ஆய்வென்பதாலோ, செய்தவர் ஒரு விவசாயி என்பதாலோ அன்று அது கவனிக்கப்படாது போயிருக்கலாம்.

இனி, அவர் மீது சுமத்தப்பட்ட குற்றச்சாட்டுக்கு வருவோம். ஜேர்மனியில் வளிமண்டலவியல் அறிஞர் குஸ்தாவ் ஹெல்மன் என்பாரின் தூண்டுதலால் ரிச்சர்ட் நொய்ஹவுஸ் என்னும் வைத்தியர் 1890களில் பனிப்பளிங்குகளைப் படம்பிடித்திருந்தார். அப்படங்களில் பெரும்பாலானவை ஒழுங்கற்றவை. முனை ஒடிந்தவையும் ஒருபக்கம் குறுகியவையும் அவற்றுள் இருந்தன. பென்ட்லியின் படங்களோ பெரிதும் குறைகாண முடியாத சமச்சீர் கொண்டவை. தமது பளிங்குகள் கருமையான பின்னணியில் எடுப்பாகத் தெரியவேண்டுமென்பதற்காக, அவர் மறைப்படத் தகட்டில் பளிங்கைச் சூழவுள்ள பூச்சைச் சிறு கத்தியினால் சுரண்டி நீக்குவது வழக்கம். உருவங்களின் ஓரம் சிதைக்கப்பட்டுள்ளதென ஜேர்மனியர் குறைகூறினர்.

இதில் நாம் பென்ட்லியின் பக்கமே முழுமையாகச் சாய்ந்துவிட முடியாது. பளிங்கின் உட்புறத்தில் அவர் ஒரு கோட்டையேனும் சேர்க்கவில்லை. மூலத் தகட்டைப் பேணிக்கொண்டு அதன் பிரதியிலேயே சுரண்டினார். இவை அவருக்குச் சார்பானவை. ஆனால் கத்தி ஓரத்தைத் தொடர்ந்து செல்லும்போது, எங்கே பனி முடிகின்றது, எங்கே வெளி தொடங்குகின்றது என்பதைத் தீர்மானிப்பது கையே ஆகும். அதைவிட முக்கியமானது அவருடைய தெரிவு. பழுதுபட்டவற்றை இறகினால் ஒதுக்கிய ஒருவரின் தொகுப்பைப் பார்ப்போர், வானிலிருந்து வீழ்வன யாவும் பூக்கோலம் போன்றவையே என்று நம்பிவிடுவர். மெய்யாகவே பெரும்பாலான பளிங்குகள் அவ்வாறானவையல்ல. பனிப்பளிங்குகளில் ஒன்றைப் போல் இன்னொன்று இல்லையென்று உலகம் இன்று கூறிவருவதும் பெரிதும் இவர் வழியாகப் பரவியதே. கிளைவிட்ட பெரிய பளிங்குகளைப் பொறுத்தவரை அதை மறுப்பது கடினம். சிறிய, எளிய வடிவங்களைப் பொறுத்தவரை நிலைமை வேறு. 1988ஆம் ஆண்டில் நான்சி நைட் என்ற அமெரிக்க ஆய்வாளர் வேறுபாடு காணமுடியாத இரண்டினைப் படத்துடன் காட்டினார்.

ஏன் ஆறு என்ற வினாவையும் தொட்டுச் செல்வோம். கெப்ளர் 1611ஆம் ஆண்டிலேயே இதனைக் கேட்டுவிட்டு முடிவான விடை காணாது நிறுத்திக்கொண்டார். பனிக்கட்டியில் நீரின் மூலக்கூறுகள் அறுகோண வலைப்பின்னலாக ஒன்றோடொன்று பிணைந்திருப்பதே காரணமென்பது 20ஆம் நூற்றாண்டில்தான் தெளிவாயிற்று. முனைகள் விளிம்புகளைவிட வெளியே நீண்டிருப்பதால் நீராவி அவற்றை முதலில் சென்றடைகின்றது. எனவே ஆறு முனைகளும் கிளைகளாக வளர்கின்றன.

1920களில் அவருக்கு மதிப்பு வரத் தொடங்கியது. 1924ஆம் ஆண்டில் அமெரிக்க வளிமண்டலவியல் சங்கம் தனது முதலாவது ஆய்வு நன்கொடையாக அவருக்கு 25 டொலர் வழங்கியது. தொகை சிறிதாயினும் அறிஞர் சபையொன்று அவரைத் தம்மவராக ஏற்றுக்கொண்டமைக்கு அது அடையாளமாகும். வானிலைப் பணியகத்தைச் சேர்ந்த பௌதிகவியலாளர் வில்லியம் ஹம்ப்ரீஸ் முன்வந்து விளக்கவுரை எழுத, பென்ட்லி சேர்த்துவைத்த 5,000க்கும் அதிகமான படங்களிலிருந்து தெரிந்தெடுத்த 2,400க்கும் மேற்பட்டவை 1931ஆம் ஆண்டு நவம்பரில் நூலாக வெளிவந்தன. பனிப்பளிங்குகளோடு யன்னல் கண்ணாடியில் படரும் உறைபனி, சிலந்தி வலையில் கோர்த்த பனித்துளி ஆகியனவும் அதில் அடங்கும். 1880களில் வாங்கிய அதே கமராவே இறுதிவரை அவருக்குப் பயன்பட்டது.

நூலைக் கண்ணால் கண்ட பின்னர் அவர் சில வாரங்களே வாழ்ந்தார். டிசெம்பர் மாதத் தொடக்கத்தில், ஈரப்பனி கொட்டிக்கொண்டிருந்த வேளையில், குளிருக்கு ஏற்ற உடையின்றி ஆறு மைல் தூரம் நடந்து வீடு வந்து சேர்ந்தார். நாள்தோறும் எழுதிவந்த வானிலைக் குறிப்பேட்டில் 7ஆம் திகதி வடக்கிலிருந்து வீசிய குளிர்காற்றையும் பறந்த பனியையும் பதிந்தார். அதன்பின் அக்குறிப்பேடு தொடரவில்லை. நியூமோனியாக் காய்ச்சல் முற்றி, 1931 டிசெம்பர் 23ஆம் திகதி, 66ஆவது வயதில் அதே பண்ணை வீட்டில் காலமானார்.

அவருடைய நூலின் பிரதியொன்று ஜப்பானின் வடகோடியிலுள்ள ஹொக்கைடோவிலும் ஒருவரின் கவனத்தை ஈர்த்தது. அங்குள்ள பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய நக்காயா உக்கிசிரோ, அணு ஆய்வுக்கு வசதி இன்மையால், வாசலிலேயே இலவசமாகக் கிடைத்த பனியை ஆராயத் துணிந்தார். 1936ஆம் ஆண்டில் குளிரூட்டிய அறையில் முயல் உரோமமொன்றின் நுனியில் உலகின் முதலாவது செயற்கைப் பனிப்பளிங்கை வளர்த்தெடுத்தார். சுமார் மறை 5 பாகை செல்சியஸில் ஊசிகளும் தூண்களும், மறை 15 பாகையளவில் கிளைவிட்ட நட்சத்திரங்களும் உருவாகும் என்பதை அவருடைய அட்டவணை காட்டியது. உருவம் வானின் நிலையைச் சொல்லும் என்று ஜெரிக்கோ விவசாயி கருதியதற்கு இவ்வாறு அளவும் எண்ணும் கிடைத்தன.

பென்ட்லியின் கண்ணாடித் தகடுகள் 1947ஆம் ஆண்டில் நியூயோர்க் மாநிலத்தின் பவலோ அறிவியல் நூதனசாலையைச் சென்றடைந்தன. ஜெரிக்கோவில் ஆற்றங்கரையிலுள்ள பழைய சிவப்பு ஆலைக் கட்டடத்தில் அவ்வூர் வரலாற்றுச் சங்கத்தினர் அவருக்கென ஒரு காட்சிக்கூடத்தை அமைத்துள்ளனர். அன்று ஆறு பேரே வந்த ஊர் அது.