வள்ளல் அழகப்பரும் மின்வேதியியலும்

கொடை என்றதும் முல்லைக்குத் தேர் ஈந்த பாரியும் மயிலுக்குப் போர்வை தந்த பேகனும் நம் நினைவுக்கு வருவர். இரசாயனப் பொறியியல் பயிலும் எனக்கு இன்னொருவரும் நினைவுக்கு வருவார். அவரே வள்ளல் அழகப்பச் செட்டியார்.

1909 ஏப்ரல் 6-இல் செட்டிநாட்டுக் கோட்டையூரில் பிறந்த அழகப்பர், சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார். இலண்டனில் சட்டம் பயின்று பாரிஸ்டரானார். விமானம் ஓட்டவும் கற்றார். இளமையிலேயே தொழுநோய் அவரைப் பற்றியது. உடல் தளர்ந்தும் உள்ளம் தளரவில்லை. கேரளத்தில் நூற்பாலை, மலாயாவில் ரப்பர் தோட்டங்கள் எனத் தொழில் பெருகியது.

சுங்கை சோவில் பிறந்த நான் இங்கே ஒன்று சொல்ல வேண்டும். வட சிலாங்கூர்த் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டியவர்களின் பேரன் நான். மலாயா ரப்பரால் வந்த எந்தச் செல்வத்திலும் அத்தகைய பாட்டாளிகளின் வியர்வை கலந்திருக்கிறது. அச்செல்வம் எங்கே போயிற்று என்று கேட்கும் உரிமை நமக்குண்டு.

அழகப்பர் செல்வம் கல்விக்குப் போயிற்று. 1944-இல் அவர் தந்த ஐந்து இலட்சம் ரூபாயால் சென்னை கிண்டியில் தொழில்நுட்பக் கல்லூரி எழுந்தது. இரசாயனப் பொறியியலுக்குப் பெயர் பெற்ற கல்லூரி அது. 1947 ஆகஸ்ட்டில் காரைக்குடியில் கலைக்கல்லூரி தொடங்கினார். அடுத்து, மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வர 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்கினார். 1948 ஜூலை 25-இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-இல் டாக்டர் இராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார்.

வறண்ட பொட்டலில் எழுந்த அவ்வாய்வகம், உப்புநீரிலிருந்து குளோரினும் காஸ்டிக் சோடாவும் எடுக்கும் ஆலைகளுக்காக, டைட்டானியத்தின்மேல் உலோக ஆக்சைடு பூசிய மின்வாய்களை உருவாக்கியது. அப்பூச்சே வினையூக்கி. அது இருந்தால் குறைந்த மின்சாரத்தில் குளோரின் வெளியேறும். காரணத்தைத் தேடினால் குவாண்டம் மின்வேதியியலுக்கு வந்து சேர்வோம். மின்வாய்க்கும் கரைசலுக்கும் இடையே ஆற்றல் தடை ஒன்று உண்டு. எலக்ட்ரான் அதன்மேல் ஏறிக் குதிப்பதில்லை. ஊடுருவி மறுபுறம் சேர்கிறது. வினைபடும் அணுவைப் பரப்பு மிக இறுகப் பற்றினால் அது விடுபடாது; தளரப் பற்றினால் வினையே தொடங்காது. அளவான பிடிப்புள்ள பொருள் எது என்பதை இன்று கணினியில் முன்கூட்டியே கணிக்கிறார்கள். எரிமின்கலத்தில் விலையுயர்ந்த பிளாட்டினத்துக்கு மாற்றுத் தேடுவதும் இவ்வழியில்தான்.

அழகப்பர் 1957 ஏப்ரல் 5-இல், 48-ஆம் பிறந்தநாளுக்கு முதல்நாள் மறைந்தார். குடியிருந்த வீட்டையும் கல்விக்கே கொடுத்திருந்தார்.

மாணவ நண்பர்களே! அவர் காலத்தில் நம் தோட்டத்துப் பள்ளிகள் ஆறாம் வகுப்போடு நின்றன. மலாயாவில் விளைந்த பணம் காரைக்குடியில் கல்லூரியானபோது, மரம் வெட்டியவர் பிள்ளைகளுக்கு அந்த வாசல் வெகுதூரம். அவர் கொடையைப் போற்றும் நாம் இதையும் மறத்தலாகாது. இன்று பல்கலைக்கழக வாசலுக்குள் நிற்கும் நாம், விடுமுறையில் ஊர் திரும்பும்போது ஒரு தோட்டத்துப் பிள்ளைக்கேனும் அறிவியல் சொல்லிக் கொடுப்போம். வள்ளலுக்கும் நம் பாட்டன் பாட்டிக்கும் ஒருசேர நாம் செலுத்தும் நன்றி அதுவே.