தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள்

தமிழ் நாடகத் தலைமையாசிரியர் எனப் போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகளின் வாழ்க்கை, கைக்கெட்டிய புகழைத் தாமே உதறிய ஒரு பெரியாரின் வரலாறாகும். அதனைச் சங்கத்து அன்பர்களின் முன் சுருக்கமாக வைக்கின்றேன்.

சுவாமிகள் 1867-ஆம் ஆண்டில் தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் தாமோதரத் தேவரின் திருமகனாகத் தோன்றினார். தந்தையாரிடம் தொடக்கக் கல்வியும், பழநி தண்டபாணி சுவாமிகளிடம் இலக்கண இலக்கியங்களும் பயின்றார். பின்னர் உப்பு நிறுவனம் ஒன்றில் கணக்கராக அமர்ந்தார். நம்முள் பலரைப் போலக் கணக்கேட்டோடு காலம் கழித்தவர்தாம் அவரும்!

நாம் வாழும் இப்புனே வட்டாரத்தில் 1880-ஆம் ஆண்டு அண்ணாசாகேப் கிர்லோஸ்கர் சாகுந்தலத்தை அரங்கேற்றி, மராத்தி இசை நாடகத்திற்கு வழிவகுத்தார். அடுத்த பதினோராண்டில், 1891-இல், தெற்கே நம் சுவாமிகள் கணக்கேட்டை மூடிவிட்டு மேடை ஏறினார். அப்போது அவருக்கு வயது 24. இரணியன், இராவணன், எமதருமன், சனீசுவரன் ஆகிய கொடிய வேடங்களில் அவருக்கு நிகர் அவரே என மக்கள் வியந்தனர்.

அவ்வெற்றியே அவருக்கு வேதனையாயிற்று. ஒருநாள் சனீசுவரன் வேடத்தில் விடிய விடிய நடித்துவிட்டு, ஒப்பனையைக் கலைக்க நீர்நிலைக்குச் சென்றார். தண்ணீர் எடுக்க வந்த பெண்ணொருத்தி இருளில் அவ்வுருவத்தைக் கண்டு, அஞ்சி வீழ்ந்து உயிர் நீத்தாள் என்பர். மற்றொரு நாள் எமன் வேடத்தில் அவர் ஆர்ப்பரித்துத் தோன்றவே, அவையிலிருந்த கருவுற்ற மங்கை ஒருத்தியின் கரு கலைந்தது என்றும் கூறுவர். பிறராயின் இவற்றைத் தம் திறமைக்குச் சான்றாகச் சொல்லிப் பெருமை கொண்டிருப்பர். சுவாமிகளோ, பிறர்க்குத் துன்பம் விளைத்த வேடம் இனி வேண்டாவென்று துணிந்தார். காவி உடுத்துத் திருத்தலங்களை வழிபட்டுத் திரிந்தார்.

அவரை மீண்டும் கலையின்பால் ஈர்த்தவர் புதுக்கோட்டைக் கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளை. சுவாமிகளைத் தம் மகனாகவே ஏற்று, தாள நுட்பங்களைக் கற்பித்தார். சுவாமிகள் நாடக உலகிற்குத் திரும்பினார். ஆனால் நடிகராக அன்று, ஆசிரியராக! காவியுடையையும் களையவில்லை.

1910-ஆம் ஆண்டில் சமரச சன்மார்க்க நாடக சபையையும், 1918-ஆம் ஆண்டில் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையையும் நிறுவிச் சிறுவர்களைப் பழக்கினார். மனம்போனபடி பேசி நடிக்கும் வழக்கத்தை மாற்றி, எழுதிய உரையாடலையே பேசச் செய்தார். வள்ளி திருமணம், பவளக்கொடி முதலாக நாற்பதுக்கும் மேற்பட்ட நாடகங்களை யாத்தளித்தார். அபிமன்யு சுந்தரியை ஓரிரவிலேயே எழுதி முடித்தாராம். கிட்டப்பா, டி. கே. எஸ். சகோதரர்கள் முதலியோர் அவர்தம் பயிற்சியில் வளர்ந்தவர்களே.

1921-ஆம் ஆண்டில் வாத நோய் தாக்கியது. எத்தனையோ பேருக்குப் பேசக் கற்பித்த அவரது நா பேச்சிழந்தது. 1922 நவம்பர் 13-ஆம் நாள் புதுவையில் இறைவனடி சேர்ந்தார்.

சுவாமிகள் துறந்தது கலையை அன்று. கலையால் தமக்கு வந்த புகழையே. தாம் ஏறிய மேடையில் சிறுவர்களை ஏற்றிவிட்டுத் தாம் திரைக்குப் பின்னே நின்றார். போசரியில் பிழைக்க வந்த நாமும் ஆண்டு விழாதோறும் நம் குழந்தைகளுக்கு வேடமிட்டு, பிழையின்றித் தமிழ் பேசப் பழக்குகின்றோம். மேடையில் கைதட்டல் பெறுவோர் அவர்கள். மறைவில் நின்று சொல்லிக் கொடுப்போர் பெற்றோர். அவ்வாறு மறைவில் நிற்கும் ஒவ்வொருவரும் சுவாமிகளின் வழியினரே. வாழ்க அப்பெரியார் திருநாமம்!