கையொப்பம் இல்லாத கடிதம்

1896 ஆகஸ்ட் 29 அன்று, மதுரையில் சிற்றப்பா வீட்டில் தங்கிப் படித்துவந்த பதினாறு வயது வேங்கடராமன், அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்கான ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, மீதி இரண்டைக் கடிதத்தோடு வைத்துவிட்டுத் திருவண்ணாமலைக்குப் புறப்பட்டார். ‘நான்’ என்று தொடங்கிய அக்கடிதம் சில வரிகளுக்குள் ‘இது’ என்று மாறியது. கையொப்பத்தின் இடத்தில் ஒரு கோடு மட்டுமே இருந்தது. அவரையே பின்னர் உலகம் ரமண மகரிஷி என்று அழைத்தது.

அருப்புக்கோட்டையை அடுத்த வானம் பார்த்த பூமியான திருச்சுழியில் 1879 டிசம்பர் 30 அன்று பிறந்தவர் அவர். வழக்கறிஞரான தந்தை சுந்தரம் ஐயர் 1892இல் மறைந்ததும் குடும்பம் பிரிந்தது. 1896 ஜூலையில், நோய் ஏதுமில்லாதபோதே மரண பயம் அவரைப் பற்றியது. சவம்போல் கிடந்து, இறப்பது எது என்று தமக்குள் ஆராய்ந்தார். உடல் சாகும், நான் சாவதில்லை என்ற தெளிவு பிறந்தது.

அப்போது அவர் பயின்றது அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளியில். அந்தச் சமயத்தின் தொடக்க நூற்றாண்டுகளிலும் இதே கேள்வி எழுந்ததுண்டு. வட ஆப்பிரிக்காவின் தகாஸ்தே நகரில் கி.பி. 354இல் பிறந்த அகுஸ்தீனார், இளமையில் உற்ற நண்பனை இழந்தபோது தமக்கே புதிராகிப் போனார். 386இல் மிலான் நகரில் மனம் மாறிய அவர், பின்னாளில் தம் நினைவின் ஆழங்களையெல்லாம் இறைவன்முன் திறந்துவைக்கும் நூலை எழுதினார். தொடக்கக் கிறிஸ்தவர்களுக்கு மனிதன் இறைச்சாயலில் படைக்கப்பட்டவன். அவன் உடலும் ஒருநாள் உயிர்த்தெழும். எனவே அகுஸ்தீனார் தம்முள் சென்று தேடியது தம்மைப் படைத்த ‘நீர்’ என்பவரை. ரமணரோ ‘நான்’ எழும் இடத்தைத் தேடி, அந்த ‘நான்’ ஒடுங்குவதைக் கண்டார்.

இரண்டு வழிகளும் ஒன்றல்ல. ஒன்றாக்க முயல்வது இருவருக்கும் செய்யும் அநீதி. ஆனால், பிறர் நமக்குச் சூட்டிய அடையாளம் நம் முழுமை ஆகாது என்பதில் இருவரும் ஒன்றுபடுகிறார்கள். ஊரையும் தெருவையும் விசாரித்துச் சாதியை அறிந்த பிறகே ஒருவரை மதிப்பிடும் வழக்கம் இன்றும் நம்மிடம் மறையவில்லை. நீ யார் என்று அடுத்தவரைத் துருவும் சமூகம், நான் யார் என்று தன்னைக் கேட்டுக்கொள்ளத் தயங்குகிறது.

1950 ஏப்ரல் 14 அன்று ரமணர் மறைந்தார். திருச்சுழியின் பிள்ளை பெயருக்குப் பதிலாக இட்ட அந்தக் கோடு, இன்றும் நம் பதிலுக்காகக் காத்திருக்கிறது.